ஹோஸ்டிங்ல போன கூத்துக் கொப்பிகள திரும்ப எடுத்த கதை

சைட் வச்சிருக்கிற ஆக்களுக்கு உதவும் எண்டுதான் இத எழுதுறன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்க.

மட்டக்களப்பு மாவட்டத்துல களுவாஞ்சிக்குடிப் பக்கத்துக் கூத்து விசயங்கள சேத்து வைக்க நானும் கூட்டாளிமாரும் ஒரு சைட் நடத்துறம். வடமோடி, தென்மோடி எண்ட ரெண்டு வகைக் கூத்துக்கும் கையால எழுதின பாட்டுக் கொப்பிகள் ஸ்கேன் பண்ணினது, கூத்துப் பழக்கிற அண்ணாவிமார்ர வீடுகள்ல கிடந்த கேசட்ட எம்பி3 ஆக்கினது, கோயில் மலர், அரங்கேற்றப் போட்டோ எண்டு கிட்டத்தட்ட 40 ஜிபி. 'அன்லிமிட்டட்' எண்டு விளம்பரம் போட்ட ஒரு வெளிநாட்டு ஹோஸ்டிங்லதான் (சைட் பைல்கள வாடகைக்கு வச்சிருக்கிற கம்பனி) எல்லாம் கிடந்திச்சு. 2019 வரைக்கும் உள்ளது ஹார்ட் டிஸ்க்லயும் இருந்திச்சு, அதுக்குப் பிறகு சேத்ததுதான் அங்க மட்டும்.

ஒருநாள் காலம்பற பாத்தா சைட் திறக்குது, எழுத்தெல்லாம் இருக்கு, ஒரு படமும் இல்ல. எல்லா இடத்துலயும் உடைஞ்ச பெட்டி. ஹோஸ்டிங்க நிர்வகிக்கிற பக்கமான சிபேனலுக்குள்ள போய் அப்லோட்ஸ் போல்டரத் திறந்தா காலி. ஹோஸ்டிங்காரனுக்கு டிக்கெட் (முறைப்பாடு) போட்டா பதில் வருது, சேர்வர் மாத்தினவங்களாம், எங்கட அக்கவுண்ட்ல இனோட் கூடவாம், அப்படியான அக்கவுண்ட் பேக்கப்ல சேராதாம், விதிமுறையில இருக்காம். தேடிப் பாத்தன், ஓம், இருக்குத்தான், ஆரும் வாசிக்காத ஒரு மூலையில. இனோட் எண்டா வேறொண்டுமில்ல, ஒரு பைலுக்கு ஒண்டு எண்டு வர்ற கணக்கு. எங்கட சைட் ஓடுற மென்பொருளான வேர்ட்பிரஸ்ல ஒரு பக்கம் ஸ்கேன் பண்ணிப் போட்டா அது தன்ர பாட்டுல சின்னன் பெரிசா அஞ்சாறு சைஸ்ல பிரதி எடுத்து வைக்கும், அப்ப இருநூறு பக்கக் கொப்பி ஒண்டு ஆயிரம் பைலத் தாண்டிப் போயிரும், இடம் அன்லிமிட்டட்தான் ஆனா எண்ணிக்கை அப்படியில்ல.

நான் அவங்களோட மெயில்ல சண்டை பிடிச்சிட்டு இருக்க, மட்டக்களப்பு டவுன்ல சேர்வர் வேலை செய்யிற கூட்டாளி ஒருத்தன் கோல் எடுத்து ஏசினான். "மச்சான் சண்டைய மறுகா பிடி, பழைய சேர்வர் மெஷின் இன்னும் ஓடுதா எண்டு முதல்ல பாரு." சேர்வர் மாத்தினா பழையத கனபேர் அண்டைக்கே நிப்பாட்டுறல்லயாம், கொஞ்சநாள் சும்மா ஓடுமாம். டொமைன் பேர் புது சேர்வருக்குத்தான் போகும், அதால அந்தப் பேரால பழையத்துக்குள்ள போக ஏலா, ஐபி நம்பராலதான் போகணும். அந்த நம்பர் எங்க இருக்கு எண்டா, அக்கவுண்ட் திறந்த நேரம் யூசர்நேம் பாஸ்வேர்ட் எண்டு ஒரு மெயில் வரும்தானே, அதுக்குள்ள. தேடி எடுத்து, சேர்வர்ல இருந்து பைல் இறக்கிற மென்பொருளான பைல்சில்லாவுல போட்டன், பழைய பாஸ்வேர்டுக்கே கனெக்ட் ஆகிச்சு. 2020, 2021, 2022, 2023 எண்டு போல்டர் வரிசையா நிக்குது. நான் போட்ட சத்தத்துல என்னவோ ஏதோ எண்டு பக்கத்து வீட்டுப் புள்ளையளும் எட்டிப் பாத்திச்சுகள்.

ஆனா இறக்குறதுதான் பெரும்பாடு. மாரி மழை, கரண்ட் போய்ப் போய் வருது, ரவுட்டர்ல நைட் டேட்டாதான் மிச்சம். அதால பைல்சில்லாவுல பில்டர் போட்டு 150x150, 300x200 எண்டு பேர்ல முடியிற சின்னப் படங்கள் ஒண்டையும் இறக்காம விட்டன். அது தேவையில்ல, ஒரிஜினல் இருந்தா வேர்ட்பிரஸ்ஸால திரும்ப உண்டாக்கலாம். பாதிக்கு மேல குறைஞ்சிச்சு. மறுகா ஆர்ர கொப்பிய முதல்ல எடுக்கிற எண்டு ஒரு யோசினை. எழுதின அண்ணாவியார் காலமாகி, வீட்டுல கொப்பியும் கறையான் அரிச்சுப் போனது எதுவோ அத முதல்ல இழுத்தன். 2022 முடிஞ்சு 2023ல கொஞ்சம் இறங்குது, கனெக்ஷன் அறுந்திச்சு. பிறகு வரவேயில்ல, மெஷின நிப்பாட்டிட்டாங்க.

மிச்சத்துக்கு, வெப்சைட்டுகள்ர பழைய பக்கங்கள சேமிச்சு வைக்கிற வேபேக் மெஷின் எண்ட சைட். அதுல சைட் பேருக்குப் பின்னால ஒரு நட்சத்திரக் குறி போட்டா அவங்க எடுத்து வச்ச பைல் எல்லாம் லிஸ்ட்டா வரும். படங்கள் கொஞ்சம் கிடைச்சிச்சு, எம்பி3 கிடைச்சது மிச்சம் குறைவு.

பாட்டெல்லாம் கிடைச்சது கட்டார்லயும் கனடாவுலயும் இருக்கிற நம்மட ஆக்கள்ட்ட. வேலைக்குப் போகக்குள்ள கேக்க எண்டு போன்ல இறக்கி வச்சிருந்திருக்காங்க! ஒண்டு மட்டும் கவனம், கொப்பிப் படத்த வட்சப்ல போட்டோவா அனுப்பினா அது நசுக்கி அனுப்பும், பென்சில் எழுத்தெல்லாம் அழிஞ்சு போயிரும், டொக்கியுமெண்டா அனுப்பச் சொல்லணும்.

ஹோஸ்டிங்காரன் கடைசியா ஒரு மாசக் காசு கழிச்சுத் தாறன் எண்டான். வேணாம் எண்டுட்டன். அவங்கட பேக்கப்ப நம்பி இருக்கிற ஆக்கள் ஓவிஎச் எண்ட பிரான்ஸ் ஹோஸ்டிங் கம்பனிர கதைய ஒருக்காத் தேடி வாசிங்க, 2021 மார்ச் 10 ஸ்ட்ராஸ்பூர்க்ல அவங்கட டேட்டா சென்டர் எரிஞ்சு, பேக்கப்பும் அதே வளாகத்துல வச்சிருந்த ஆக்களுக்கு ரெண்டும் சேந்து போச்சு. இப்ப எங்கட டிஸ்க் ஒண்டு என்ட்ட, ஒண்டு கல்லடியில கூட்டாளிர வீட்ட.

2023ல ஆனியிலயிருந்து மார்கழி வரைக்கும் உள்ள போல்டர் இன்னும் ஓட்டைதான். அந்த வருசம் நம்மட பக்கம் நடந்த கூத்து எதையாவது ஆரும் போன்ல ரெக்கோர்ட் பண்ணியிருந்தா, சத்தம் கொரகொரண்டு இருந்தாலும் பரவாயில்ல, அனுப்புங்க.