சிம் என் பேரில், நம்பர் மகளுடையது

18 வயது ஆகாத பிள்ளைக்கு சிம் வாங்கப் போனால் கவுண்டரில் கிடைக்கும் முதல் பதில் ஒன்றுதான்: "அம்மா பேர்லயோ அப்பா பேர்லயோதான் எடுக்கணும்." எனக்கும் அதே பதில்தான். மகள் தனியாகப் போய்வர ஆரம்பித்துவிட்டாள். வகுப்பு முடிய நேரமானால் ஒரு அழைப்பு, போய்ச் சேர்ந்ததும் ஒரு அழைப்பு, அவ்வளவுதான் எங்களுக்குத் தேவை. சிம் யார் பேரில் இருந்தால் என்ன என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் நம்பருக்குச் சொந்தக்காரர் ஒருவர், அதைக் கையில் வைத்திருப்பவர் இன்னொருவர் என்றால் எல்லா இடத்திலும் அது வந்து இடிக்கிறது. பதிவு செய்யும் வேலை சட்டென்று முடிந்துவிட்டது. எழுத வேண்டியது பெரும்பாலும் அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றித்தான்.

ஏன் பெரியவர் பேரில்? சிம் வாங்குவது நிறுவனத்தோடு செய்துகொள்ளும் ஒப்பந்தம். வயது வராதவர் அதில் கையெழுத்துப் போட முடியாது. இந்தியாவில் 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது; தொலைத்தொடர்புத் துறையும் 18 வயதுக்குக் குறைந்தவருக்கு சிம் தரக் கூடாது என்று விதி வைத்திருக்கிறது. பிலிப்பைன்ஸில் 2022இல் சிம் பதிவுச் சட்டம் வந்தபோது, சிறுவர்களின் சிம் பெற்றோர் அல்லது காப்பாளர் பேரில், அவர்கள் சம்மதத்தோடு பதிவாக வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். ஜெர்மனியில் 2017 ஜூலை முதல் ப்ரீபெய்டு சிம்முக்கும் அடையாளச் சான்றைச் சரிபார்க்க வேண்டும். பிரிட்டனிலோ ப்ரீபெய்டு சிம்முக்குப் பதிவே கட்டாயம் இல்லை. எனவே வேறு நாட்டில் இருக்கும் சொந்தக்காரர் "எங்களை எதுவுமே கேட்கலையே" என்றால் அவர் பொய் சொல்லவில்லை. அவர் சொல்வதைக் கேட்டு நீங்கள் வெறுங்கையோடு போய் நிற்காமல் இருந்தால் சரி.

எனக்குப் பிடித்தது ஜப்பான் விதி. பிள்ளை பயன்படுத்துவதற்காகப் பெற்றோர் இணைப்பு வாங்கினால், அதை நிறுவனத்திடம் சொல்லியாக வேண்டும் என்கிறது 2008இல் அங்கே வந்த சட்டம். சொன்னால், பிள்ளைகளுக்கு ஆகாத இணையதளங்களை வடிகட்டும் வசதியை அந்த இணைப்புக்கு நிறுவனம் தர வேண்டும்; வேண்டாம் என்று பெற்றோர் சொன்னால்தான் விடலாம். சொந்தக்காரர் வேறு, பயன்படுத்துபவர் வேறு என்பதை அங்கே சட்டமே ஒத்துக்கொள்கிறது. மற்ற பல இடங்களில் நிறுவனத்தைப் பொறுத்தவரை அப்படி ஒரு பிள்ளை இருப்பதே பதிவில் கிடையாது. அந்தப் போனில் பேசுவது நாம்தான்.

போகும் முன் வீட்டில் ஒரு விஷயம் பேசி முடிவு செய்தோம்: அப்பா பேரிலா, என் பேரிலா? பலரும் வழக்கம்போல அப்பா பேரைப் போட்டுவிடுகிறார்கள். ஆனால் போன் தொலைந்தால் புது சிம் வாங்கப் போக வேண்டியவர் பதிவில் இருப்பவர்தான். கூடப் பிறந்தவரோ, கணவனோ மனைவியோ அவர் சான்றைக் கையில் எடுத்துப் போனால் வேலை நடக்காது. நடக்கவும் கூடாது, ஏனென்றால் வேறொருவர் நம்பருக்கு டூப்ளிகேட் சிம் வாங்கித்தான் சிம் மாற்று மோசடியே நடக்கிறது. எங்கள் வீட்டில் அவர் அடிக்கடி வெளியூரில் இருப்பவர். அதனால் என் பேர். இதை யோசித்துவிட்டுப் போனது நல்லதாயிற்று.

கேட்ட சான்றுகள் அதிகமில்லை. படம் உள்ள அடையாளச் சான்று, முகவரிச் சான்று, ஓடிபி வர ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நம்பர். மகளின் பிறப்புச் சான்றிதழையும் எடுத்துப் போயிருந்தேன். கவுண்டரில் இருந்த பையன் அதை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. சிக்கல் வந்தது என் பேரில்தான். ஒரு சான்றில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் இனிஷியல் விரிந்து முழுப் பெயராகப் பின்னால். கம்ப்யூட்டருக்கு அது இரண்டு ஆள். அவன் நல்ல யோசனை சொன்னான்: "மேடம், அட்ரஸும் இருக்கிற மாதிரி ஒரே ஐடி இருந்தா அதையே ரெண்டுக்கும் போட்டுடலாம்." அப்படியே செய்தோம். உங்களுக்கும் அப்படி ஒரு சான்று இருந்தால் அதை மட்டும் நீட்டுங்கள். இன்னொன்றைக் காட்டினால்தான் வம்பு.

அடுத்து முகப் படம். செயலியில் நேரலையாக எடுக்கிறார்கள், கண்ணைச் சிமிட்டச் சொல்கிறார்கள். பக்கத்தில் நின்ற மகளின் பாதி முகமும் படத்துக்குள் விழ, செயலி ஏற்கவில்லை. "பாப்பா, கொஞ்சம் தள்ளி நில்லும்மா, அம்மா முகம் மட்டும் விழணும்." அவளுக்குக் கோபம். "எனக்கு வாங்குற சிம்முக்கு நான் எதுக்கு வந்தேன்?" என்றாள். நியாயமான கேள்விதான்.

படிவத்தை மின்னணு முறையில் நிரப்பியதால் நான் பார்க்காமலேயே அடுத்தடுத்த பக்கத்துக்குப் போய்விடும் போலிருந்தது. திரையைத் திருப்பச் சொல்லிப் படித்தேன். பயன்படுத்துபவர் விவரம் என்று ஒரு கட்டம் இருந்தது, நிரப்பாமலும் விடலாம். விடப் பார்த்தான். மகள் பேர், பிறந்த தேதி, எனக்கு உறவு என்ன, மூன்றையும் எழுதச் சொன்னேன். அவனுக்கு அது வெட்டி வேலை. எனக்கு, இது இவளுக்காக வாங்கியது என்று எங்கோ ஓரிடத்தில் எழுத்தில் இருப்பது ஒரு நிம்மதி. விளம்பரச் செய்திகளுக்கும் வெளிநாட்டு அழைப்புக்கும் சம்மதம் என்று ஏற்கெனவே டிக் போட்டிருந்த கட்டங்களை எடுக்கச் சொன்னேன். போஸ்ட்பெய்டு யோசனையை ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிட்டேன். பிள்ளைக்கு ப்ரீபெய்டுதான் சரி. தீர்ந்தால் நிற்கும், மாதக் கடைசியில் பில்லைப் பார்த்துத் திகைக்க வேண்டியதில்லை.

சிம்மைப் பிய்த்தெடுத்த பிறகு மிஞ்சும் அட்டையைத் தூக்கி எறியாதீர்கள். அதில் சிம்மின் வரிசை எண் இருக்கும், 89 என்று ஆரம்பித்து 19 அல்லது 20 இலக்கம். பெரும்பாலும் சிம்மைப் பூட்டி வைக்கும் பின் (PIN) எண்ணும், பூட்டிக்கொண்ட சிம்மைத் திறக்கும் 8 இலக்கப் பக் (PUK) எண்ணும் அதிலேயே இருக்கும். பிள்ளைகள் கைக்குப் போன் போனால் பின்னை மாற்றி விளையாடுவது நடக்கக்கூடியதுதான். மூன்று முறை தப்பாகப் போட்டால் சிம் பூட்டிக்கொள்ளும், பக் எண் கேட்கும். அதையும் 10 முறை தப்பாகப் போட்டால் அந்த சிம் அவ்வளவுதான். புதிதாக வாங்க வேண்டும், அதற்குச் சொந்தக்காரர் போக வேண்டும். அட்டையைப் படம் எடுத்து என் போனில் வைத்துக்கொண்டேன். இ-சிம் வாங்குகிறவர்களுக்கு இந்த அட்டை கிடையாது. அவர்கள் க்யூஆர் குறியீடு வந்த மின்னஞ்சலைப் பத்திரப்படுத்த வேண்டும்.

ஆக்டிவேட் ஆவதற்கு முன் சரிபார்ப்பு அழைப்பு வரும் என்றார்கள். எந்த நம்பருக்கு? புது நம்பருக்கே. அதாவது என்னை யார் என்று விசாரிக்கும் அழைப்பு மகளின் கையில் இருக்கும் போனுக்கு வரும். வந்தது, அவள்தான் எடுத்தாள். என் பேரைச் சொல்லி "நீங்கள்தானா?" என்று கேட்க, "இல்லை, நான் அவங்க பொண்ணு" என்று உண்மையைச் சொல்லியிருக்கிறாள். அழைப்பு துண்டிக்கப்பட்டது, பதிவு நிலுவைக்குப் போனது. பொய் சொல்லாமல் வளர்த்ததற்குக் கிடைத்த பலன் என்று வீட்டில் சிரித்துக்கொண்டோம். நிறுவனத்தின் உதவி எண்ணுக்குப் பேசி, மறுபடியும் அழைக்கவைத்து, நானே எடுத்துப் பதில் சொன்னதும் சிம் உயிர் பெற்றது. ஆக்டிவேட் ஆகும்வரை சிம் உங்கள் போனிலேயே இருக்கட்டும்.

உண்மையான தலைவலி அதற்கு அப்புறம். நம்பர்கள் சுழற்சியில் வருபவை. ஒருவர் விட்ட நம்பரைச் சில காலம் சும்மா வைத்திருந்துவிட்டு இன்னொருவருக்குத் தருவார்கள்; இந்தியாவில் அந்த இடைவெளி 90 நாள். எங்களுக்கு வந்தது யாரோ நன்றாகப் புழங்கிய நம்பர். முதல் நாளிலிருந்தே கடன் தவணை கட்டச் சொல்லி அழைப்புகள். பேசுகிறவர்கள் முதலில் மரியாதையாக ஆரம்பிப்பார்கள், பிறகு குரல் மாறும். ஒரு பெரியவர் எடுத்திருந்தால் "ராங் நம்பர்" என்று வைத்துவிடுவார். ஒரு சிறுமி அதைக் கேட்டால் பயந்துபோவாள், இவளும் பயந்தாள். அந்த அழைப்புகளை என் போனுக்குத் திருப்பிவிட்டு, ஒவ்வொருவரிடமும் இந்த நம்பர் கைமாறிவிட்டது, பதிவிலிருந்து எடுங்கள் என்று சொல்ல ஆரம்பித்தேன். சிலர் நம்பவில்லை. இந்த இடத்தில்தான் என் பேரில் பதிவு இருந்தது உதவியது: ஆக்டிவேஷன் தேதியும் என் பேரும் உள்ள ஆவணத்தை அனுப்பி, எழுத்தில் புகார் கொடுத்தேன். அழைப்புகள் படிப்படியாக நின்றன.

வாட்ஸ்அப்பும் அதே கதை. பழைய ஆள் இரண்டடுக்குச் சரிபார்ப்பு போட்டு வைத்திருந்தார். ஓடிபி சரியாக வந்தும் 6 இலக்கப் பின் கேட்டது. அது நமக்கு எப்படித் தெரியும்? பின் தெரியாவிட்டால் 7 நாள் காத்திருந்து புதிதாகத் திறக்கலாம் என்பது அவர்கள் விதி. காத்திருந்தோம். திறந்ததும் முதல் வேலையாக எங்கள் பின்னைப் போட்டோம். பிள்ளைக்கு நம்பர் வாங்குகிறவர்களுக்கு என் யோசனை: முதல் ஒரு வாரம் அந்த சிம்மை நீங்கள் வைத்துப் பாருங்கள். பழைய ஆளைத் தேடி யார் யார் வருகிறார்கள் என்று தெரிந்துவிடும். ரொம்பத் தொல்லையாக இருந்தால் கையோடு நம்பரை மாற்றிக்கொள்ளலாம். நாலு பேருக்கு நம்பர் கொடுத்த பிறகு மாற்றுவது கஷ்டம்.

செயலிகளுக்கு வருவோம். பல சமூக ஊடகங்கள் 13 வயதை எல்லையாக வைத்திருப்பதற்குக் காரணம், 1998இல் அமெரிக்கா கொண்டுவந்த சிறுவர் இணையத் தனியுரிமைச் சட்டம். 13க்குக் கீழே உள்ளவர்களின் தகவலைத் திரட்டப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்றது அது. சிம் யார் பேரில் இருக்கிறது என்பதை வைத்துச் செயலிகள் அவளைப் பெரியவள் என்று எடுத்துக்கொள்வதில்லை, சிறுமி என்றும் எடுத்துக்கொள்வதில்லை. அவர்களுக்குத் தெரிவது நாம் தட்டச்சு செய்யும் பிறந்த தேதி மட்டுமே. அதனால் போனில் திறந்த கூகுள் கணக்கில் அவள் உண்மையான பிறந்த ஆண்டையே போட்டு, பிள்ளையின் கணக்கைப் பெற்றோர் கண்காணிக்க உதவும் கூகுளின் ஃபேமிலி லிங்கில் என் கணக்கோடு சேர்த்தேன். மீட்பு நம்பராக என்னுடையதைக் கொடுத்தேன். இல்லாவிட்டால் போன் தொலையும்போது கணக்கைத் திறக்க வேண்டிய ஓடிபி தொலைந்த போனுக்கே போகும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதம்: அந்த நம்பரை எந்த வங்கிக் கணக்கிலும் சேர்க்கவில்லை, என் பெயரில் உள்ள எதிலும் சேர்க்கவில்லை. என் பேர் சிம்தானே, ஒரு மாற்று நம்பராகக் கொடுத்து வைக்கலாமே என்று ஆசை வரும். பள்ளித் தோழியின் கையில் ஒரு நிமிடம் போன் போனாலும் என் ஓடிபி அங்கே மின்னும். வேண்டாம்.

பொறுப்பு என்பதையும் மகளிடம் பேசினேன். அந்த நம்பரிலிருந்து யாருக்காவது மிரட்டல் போனால், மோசடி நடந்தால், விசாரிக்கிறவர்கள் முதலில் பார்ப்பது பதிவில் உள்ள பேரை. கதவைத் தட்டுவது என்னைத் தேடி. அவளைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. சிம்மைக் கழற்றித் தோழிக்கு இரவல் கொடுக்கக் கூடாது என்பதற்குக் காரணம் தெரிய வேண்டும் அல்லவா? "அப்போ இது என் நம்பரா, உங்க நம்பரா?" என்று கேட்டாள். பேசுவது நீ, பதில் சொல்வது நான் என்றேன். திருப்தியான முகம் தெரியவில்லை. இரண்டாவது பிள்ளைக்கும் வாங்கப் போகிறவர்கள் எண்ணிக்கை வரம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் ஒருவர் பேரில் 9 இணைப்பு வரைதான், சில மாநிலங்களில் 6. தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் நம் பேரில் என்னென்ன நம்பர் ஓடுகிறது என்று பார்க்கலாம். நமக்குத் தெரியாத நம்பர் இருந்தால் அங்கேயே புகார் சொல்லலாம்.

போனில் *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணையும் (அதுதான் போனின் அடையாள எண்) குறித்து வைத்தேன். தொலைந்தால் சிம்மை நிறுத்துவது வேறு, போனையே முடக்குவது வேறு. இரண்டாவதுக்கு இந்த எண் வேண்டும்.

கடைசியாக, 18 ஆனதும் நம்பரை அவள் பேருக்கு மாற்ற முடியுமா என்று வாங்கும்போதே கேட்டேன். முடியும். இருவரும் நேரில் வர வேண்டும். நான் விட்டுக்கொடுப்பதாகக் கையெழுத்து, அவள் பேரில் புதிதாகச் சான்று, புதிதாக முகப் படம். புது வாடிக்கையாளராகவே பதிவாவாள், நம்பர் மட்டும் பழையது. அதுவரை நம்பர் உயிரோடு இருந்தால்தான் மாற்ற முடியும், ரீசார்ஜ் விட்டுப்போய் முடங்கினால் வேறு யாருக்காவது போய்விடும். லீவில் அவள் என் போனிலேயே பேசிக்கொண்டிருக்கும் மாதங்களில்தான் அந்த ஆபத்து. ரீசார்ஜ் நினைவூட்டல் குறுஞ்செய்தி அவள் போனுக்கு மட்டும் போய்க்கொண்டிருந்தது. உதவி எண்ணில் பேசி என் நம்பருக்கும் வரும்படி செய்திருக்கிறேன்.