பெப்டைடு எங்கே தங்குகிறது?

பெப்டைடு என்பது அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி. திசுச் சீரமைப்புக்கான செயற்கைப் பெப்டைடுகளைப் பற்றிய கட்டுரைகள், எத்தனை அமினோ அமிலம், செல்லில் சமிக்ஞையைப் பெறும் எந்தப் புரதத்தில், அதாவது எந்த ஏற்பியில், போய்ச் சேர்கிறது என்பதோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. அந்தப் பெப்டைடு எதன்மேல், எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி என்பது, இவற்றைத் தொடர்ந்து வாசித்து வருவதில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து.

1984இல் பியர்ஷ்பாக்கரும் ரூஸ்லாட்டியும், ஃபைப்ரோநெக்டின் என்ற பெரிய புரதத்தில் செல்கள் பற்றிக்கொள்ளும் இடம் மிகச் சிறியது என்று காட்டினார்கள். ஆர்ஜினின், கிளைசின், அஸ்பார்டிக் அமிலம் ஆகிய மூன்றும் அந்த வரிசையில் அமைந்தாலே, செல்லின் மேற்பரப்பிலுள்ள இன்டெக்ரின் என்ற ஏற்பி அதை அடையாளம் கண்டுகொள்கிறது. ஆனால் இதே துண்டை ஒரு பரப்பில் பிணைத்து வைத்தால் செல்கள் அதில் ஒட்டுகின்றன. கரைசலில் மிதக்கவிட்டால், அது இன்டெக்ரின்களை அடைத்துக்கொண்டு ஒட்டுதலையே தடுக்கிறது. இந்தத் தடுப்பும் வீணாகவில்லை: இதை ஒத்த வரிசையைக் கொண்ட எப்டிஃபிபடைடு, இரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று சேராமல் தடுக்கும் மருந்தாக 1998 முதல் இதய நோயாளிகளுக்குப் பயன்படுகிறது. ஏறத்தாழ ஒரே செய்தி, தங்கும் இடத்தைப் பொறுத்து எதிரெதிரான இரண்டு வேலைகளைச் செய்கிறது.

மருத்துவத்தில் நிலைத்த உதாரணங்கள் சிலவற்றிலும் இதையே காண்கிறேன். கொலாஜனிலிருந்து எடுத்த 15 அமினோ அமிலத் துண்டான பி-15, எலும்புத் தாதுத் துகள்களின்மேல் பிணைக்கப்பட்ட நிலையில்தான், கழுத்து முதுகெலும்பு இணைப்பு அறுவைச் சிகிச்சைக்காக 2015இல் அமெரிக்க அனுமதி பெற்றது. ராடா-16 இன்னொரு வகை: அதன் 16 அமினோ அமிலங்கள், இரத்தத்தின் உப்பையும் காரத்தன்மையையும் சந்தித்தவுடன் தாமாகவே நுண்ணிழைகளாகக் கோத்துக்கொண்டு ஜெல்லாக மாறி, குருதிக் கசிவை நிறுத்துகின்றன. இங்கே பெப்டைடே தாங்கும் சாரக்கட்டாகிவிடுகிறது.

கட்டி வைத்தால் மட்டும் போதுமா என்றால், இல்லை. 2021இல் அமெரிக்க வேதியியலாளர் ஸ்டப்பின் குழுவினர், தண்டுவடம் காயமுற்ற எலிகளில் இரண்டு சமிக்ஞைகளைத் தாங்கிய பெப்டைடு இழைகளைச் செலுத்தினார்கள். சமிக்ஞைகளை மாற்றாமல், இழைக்குள் மூலக்கூறுகள் அசையும் அளவை மட்டும் மாற்றிப் பார்த்தபோது, அதிகம் அசைந்தவையே சிறந்த பலன் தந்தன. செல் ஏற்பிகளும் ஓயாமல் நகர்பவை என்பதால் இது நியாயமாகவே படுகிறது.

மிதக்கும் பெப்டைடு எதற்கும் உதவாது என்றும் சொல்ல மாட்டேன். பாராதைராய்டு ஹார்மோனின் ஒரு துண்டான, எலும்புத் தேய்வுக்கான டெரிபாராடைடு, தினமும் ஒருமுறை ஊசியாக ஏறிச் சீக்கிரம் மறைவதால்தான் எலும்பை வளர்க்கிறது. அந்த ஹார்மோன் இடைவிடாமல் மிகுந்திருந்தால் எலும்பு கரையும். அங்கே இடத்தின் வேலையை நேரம் செய்கிறது.

காயம் ஆற்றும் பெப்டைடு என்று இணையத்தில் பெரிதும் புகழப்படும் பிபிசி-157ஐ இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கிறேன். இதுவும் 15 அமினோ அமிலம்தான். ஆனால் எதனோடும் பிணைக்காமல் ஊசியில் போடுகிறார்கள், விலங்குகளின் இரத்தத்தில் அதன் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய எடுக்கும் நேரம், அரை மணி நேரத்துக்கும் குறைவு. சான்றுகளில் பெரும்பகுதி எலிகளிலிருந்து வந்தவை. மனித ஆய்வுகள் மிகச் சில. உலக ஊக்கமருந்து எதிர்ப்பு முகமை 2022இல் அதைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. தயாரிப்பிலும் ஒரு கணக்கு உண்டு: அமினோ அமிலங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கும்போது ஒவ்வொரு இணைப்பும் 99 விழுக்காடு வெற்றி பெற்றாலும், 14 இணைப்புகளுக்குப் பின் முழுமையான சங்கிலிகள் ஏறத்தாழ 87 விழுக்காடுதான். எஞ்சியவற்றில் ஓர் அமினோ அமிலம் மட்டும் விடுபட்ட சங்கிலிகளும் இருக்கும். அவற்றைப் பிரித்தெடுப்பதுதான் கடினமான, செலவு பிடிக்கும் பகுதி. ‘ஆய்வுக்கு மட்டும்’ என்ற சீட்டோடு விற்கப்படும் குப்பியில் அது முறையாக நடந்ததா என்பதை வாங்குபவர் அறிய வழியில்லை.