"நீ ஏன் அங்கே போனே?"

விபத்தோ, தாக்குதலோ, பாலியல் வன்முறையோ, நடந்ததை ஒருவர் வீட்டில் முதன்முதலாக வாய்விட்டுச் சொல்லும் சில நிமிடங்களைக் குடும்பங்கள் லேசாக எடுத்துக்கொள்கின்றன. உளவியலாளர் கிறிஸ் புரூவினின் குழுவினர் 77 ஆய்வுகளைத் தொகுத்து 2000-இல் வெளியிட்ட அலசலில், அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு (நடந்தது கனவாகவும் திடுக்கிடலாகவும் விடாமல் துரத்தும் நிலை) வருவதோடு அழுத்தமாகத் தொடர்புபட்டவற்றில் ஒன்று, பிறகு ஆதரவு கிடைக்காமல் போவது. சிறுவயதுக் கஷ்டம், முந்தைய மனநலச் சிக்கல் போன்றவைகூட அந்த அளவுக்கு இல்லை.

இதில் கணக்கு நியாயமாக இருக்காது. பத்து நல்ல வார்த்தை தரும் தெம்பை ஒரு குத்தல் பேச்சு அழித்துவிடும். பெரும்பாலும் அது "ஏன்" என்றுதான் தொடங்கும். ஏன் அங்கே போனே, ஏன் கத்தலே, ஏன் அன்றைக்கே சொல்லலே? கேட்பவருக்கு அது பதற்றம். ஏற்கெனவே தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருப்பவருக்கு அது தீர்ப்பு. ஆபத்தில் உடல் உறைந்துபோவது விரும்பிச் செய்வதல்ல. சொல்லும்போது வரிசை மாறுவதும், இடையில் சில பகுதிகள் விட்டுப்போவதும் பொய்க்கு அடையாளமல்ல.

சொல்ல வேண்டியது கொஞ்சம்தான்: "நீ சொல்றதை நம்புறேன். இது உன் தப்பில்லை. இப்போ உனக்கு என்ன வேணும்?" அதோடு, யாருக்கெல்லாம் தெரியலாம் என்பதையும் அவரிடமே கேளுங்கள். பறிபோனது தன்மீதான பிடி. புகார் கொடுப்பதா வேண்டாமா என்று வீட்டார் கூடி முடிவெடுத்தால் அது இன்னொரு முறை பறிபோகும். குழந்தை என்றாலோ, ஆபத்து இன்னும் தொடர்ந்தாலோ, உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு வந்தாலோ அவர் முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது. பாலியல் வன்முறையில் காலக்கெடுவும் உண்டு: எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், அவசரக் கருத்தடைக்கு 5 நாள், இரண்டுமே எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. இதைத் தகவலாகச் சொல்லுங்கள், கட்டளையாக வேண்டாம்.

"எல்லாத்தையும் கொட்டிடு, சரியாயிடும்" என்று தோண்டுவதும் உதவாது. ஒரே அமர்வில் எல்லாவற்றையும் பேசவைக்கும் முறையை உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைப்பதில்லை. பாதிக்கப்பட்டவர் எதிரே பெற்றோர் உடைந்து அழுதால், அவர்களைத் தேற்றும் வேலையும் அவர் தலையில் விழும். அடுத்த முறை அவர் சொல்லமாட்டார். அந்த அழுகைக்கு வேறொரு பெரியவரைத் தேடிக்கொள்ளுங்கள்.

குற்றம் சொல்லும் வீட்டைவிட, தாங்கித் தாங்கியே முடக்கும் வீட்டைக் கண்டுபிடிப்பது கடினம். வண்டி ஓட்டப் பயமா, நாங்களே கொண்டுபோய் விடுகிறோம். கூட்டம் பிடிக்கவில்லையா, வெளியே போகவே வேண்டாம். முதல் சில வாரங்களுக்குச் சரி. அதன்பின் தவிர்க்கத் தவிர்க்கப் பயம் வளர்கிறது. முதலில் நிற்கும் வண்டியில் 10 நிமிடம் சும்மா உட்காரலாம், பிறகு தெருமுனை வரை. வேகத்தை அவரே சொல்லட்டும். கெட்ட கனவில் அலறினால் பிடித்து உலுக்காதீர்கள். விளக்கைப் போட்டு, சற்றுத் தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எங்கே இருக்கிறார் என்று சொல்லுங்கள்.

ஒரு மாதம் கடந்தும் கனவும் திடுக்கிடலும் தவிர்ப்பும் குறையாமல் அன்றாட வேலையே தடைபட்டால், அதிர்ச்சியை மையப்படுத்திய அறிவாற்றல் நடத்தை சிகிச்சை (எண்ணங்களையும் நடத்தையையும் படிப்படியாக மாற்ற உதவும் பேச்சுச் சிகிச்சை) தெரிந்தவரிடம் போக வேண்டும். அப்போதும் வீட்டில் ஏச்சு ஓயாவிட்டால் சிகிச்சையின் பலன் குறையக்கூடும்.

முன்பே தவறாகப் பேசியிருந்தால், "அன்னைக்கு உன்னை அப்படிக் கேட்டது என் தப்பு" என்று மட்டும் சொல்லுங்கள். "ஆனால்" சேர்க்காதீர்கள். பதில் அன்றே வராமலும் போகலாம்.