அந்தப் பாயும் என் வாயும்

எங்கள் லைன் வீட்டில் மொத்தம் எட்டுக் குடித்தனம். நான் இரண்டாம் வீடு. வாசலில் உட்கார்ந்து பிசிறு வெட்டினால் போகிற வருகிற எல்லாரும் என் கண்ணில் பட்டுத்தான் ஆகவேண்டும். கை பாட்டுக்கு பனியனில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டும், வாய் பாட்டுக்குப் பேசும். வினையே அதில்தான்.

போன ஆடியில் ஒரு திங்கட்கிழமை வெடியால, ஆறாம் வீட்டுப் பெண்ணைக் காணவில்லை என்று தெரிந்தது. புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அவள் இன்னொரு கம்பெனியில் செக்கிங். நாலு வயதில் ஒரு பையன். பையன் வீட்டில் இருக்கிறான், அம்மாவை மட்டும் காணோம். பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு எந்தத் தாய் போவாள்? இந்த ஒரு கேள்வியிலேயே தெரு தீர்ப்பு எழுதிவிட்டது.

எதிர்வீட்டு அக்கா வந்தார். "ஏங் கண்ணு, ராத்திரி ஏதாச்சும் சத்தம் கேட்டுதா?"

"இல்லீங்கக்கா. பதினோரு மணி வாக்கில அவரு தொட்டிகிட்ட பாய் கழுவிட்டு இருந்தாரு."

நான் சொன்னது இவ்வளவுதான். பையன் பாயில் ஒன்றுக்குப் போயிருப்பான் என்பது எனக்கே தெரியும். வாரத்தில் மூன்று நாள் அந்தப் பாய் கொடியில் காய்வதைப் பார்க்கிறவள் நான். அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பேச்சு அத்தோடு முடிந்திருக்கும். நான் சொல்லாததற்கு அதைத் தவிர வேறு காரணம் இல்லை.

புதன்கிழமை முட்டைக்காரர் எனக்கே சொன்னார். "பாயெல்லாம் ரத்தமாமுங்க. ராவோட ராவா கழுவிட்டானாம்."

"யாருங்க பார்த்தது?"

"உங்க லைன் வீட்டுல ஏதோ ஒரு அம்மாதானாமுங்க."

வாயைத் திறக்கவில்லை. ஒரு அட்டை முட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

பி.ஏ.பி. பாசன வாய்க்காலில் அப்போது தண்ணீர் விட்டிருந்தார்கள். அதனால் வாய்க்காலில் தள்ளியிருப்பான் என்றது ஒரு கட்சி. கல்லுடைத்துக் கைவிட்ட பாறைக்குழி என்றது இன்னொரு கட்சி. பையன்கள் நாலு பேர் ராத்திரி டார்ச்சோடு பாறைக்குழிக்குப் போய், நாற்றம் வருகிறது, மூட்டை கிடக்கிறது என்று அலறியடித்து ஓடிவந்தார்கள். பகலில் போய்ப் பார்த்தால் கோழிக்கழிவு. பல்லடம் பக்கம் பாறைக்குழியில் வேறு என்ன கிடக்கும்?

தையல்கடைக்காரருக்குச் சட்டம் தெரியும் என்று பேர். கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகவில்லை, ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை வரும் என்று போகிறவர்களையெல்லாம் நிறுத்திச் சொன்னார். அந்த விசாரணை பெண் இறந்துபோனால் வருவது. இவள் இறந்தாள் என்று யார் சொன்னது? யாரும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை மத்தியானமே ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்தது அவள் புருஷன்தான். பெண் காணவில்லை என்று வழக்கும் போட்டார்கள். "அவனே போய் எழுதிக் கொடுத்தான் பாரு, எவ்வளவு தந்திரம்" என்றார்கள். கொடுக்காமல் இருந்திருந்தால் அதற்கும் ஒன்று சொல்லியிருப்பார்கள். அழாமல் இருந்தவரை கல்நெஞ்சக்காரன். வெள்ளிக்கிழமை திண்ணையில் உட்கார்ந்து அழுதபோது நடிப்பு.

ஒன்பதாம் நாள் அவளே ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள். திண்டுக்கல் பக்கம் ஒரு மில் விடுதியில், கூடப் படித்த தோழியோடு இருந்திருக்கிறாள். என் இஷ்டத்தில்தான் போனேன் என்று எழுதிக் கொடுத்தாள். பையனை அழைத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். தெருவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். அதை நான் கண்ணால் பார்த்தேன்.

சரி, அவன் உத்தமனா என்றால், இல்லை. இங்கே சனிக்கிழமை சம்பளம். சனிக்கிழமை ராத்திரி ஆறாம் வீட்டில் அடி விழும் சத்தம் எட்டு வீட்டுக்கும் கேட்கும். அவள் போவதற்கு முந்தின ராத்திரியும் கேட்டது. நான் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தேன். புருஷன் பொண்டாட்டி விவகாரம், நமக்கென்ன என்று.

கோயம்புத்தூரில் படிக்கும் என் மகள் லீவுக்கு வந்தபோது இதையெல்லாம் கேட்டுவிட்டு, 2021-ல் அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொன்னாள். கேபி பெட்டிட்டோ என்று 22 வயதுப் பெண். காதலனோடு வேனில் ஊர்சுற்றப் போனாள். அவன் மட்டும் வீடு திரும்பினான். உலகமே போனில் துப்பறிந்தது. செப்டம்பர் 19-ல் வயோமிங் மாநிலக் காட்டில் அவள் உடல் கிடைத்தது. கழுத்தை நெரித்திருந்தார்கள். அடுத்த மாதம் அவனும் பிணமாகக் கிடைத்தான். அவளைக் கொன்றது நான்தான் என்று நோட்டில் எழுதி வைத்திருந்ததாக எஃப்.பி.ஐ. சொன்னது.

"அங்க ஊர் பேசினது சரியாத்தானே போச்சு?" என்றேன். எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்த மாதிரி இருந்தது.

அவள் விடவில்லை. அதே வருஷம் ஆகஸ்ட் 12-ல், அவள் காணாமல் போவதற்கு முன்னால், யூட்டா மாநிலத்தில் மோவாப் என்ற ஊரில், ஒருவன் ஒரு பெண்ணை அடிக்கிறான் என்று யாரோ போலீசுக்குப் போன் செய்திருக்கிறார். போலீஸ் வேனை நிறுத்தி விசாரித்தது. அன்று ராத்திரிக்கு மட்டும் இருவரையும் தனித்தனியாக இருக்கச் சொல்லிவிட்டு, வழக்கில்லாமல் அனுப்பிவிட்டது. "போலீஸ் கோட்டை விட்டாங்க. ஆனா ரோட்டில போற அந்த ஆள் போனாவது பண்ணினாரும்மா" என்றாள்.

அப்புறம் போனில் தேடிப் படித்தும் காட்டினாள். 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் 4-ஆம் பிரிவு. அடிபடுகிறவள்தான் வரவேண்டும் என்றில்லை, பக்கத்து வீட்டுக்காரரும் பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர்மேல் வழக்கு வராது. பெண்கள் உதவி எண் 181-க்கு ஒரு போன் போட்டாலும் போதும். அந்த நம்பர் எங்கள் ரேஷன் கடைச் சுவரில் எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே வரிசையில் எத்தனை தடவை நின்றிருப்பேன்!

ஆவணியில் ஆறாம் வீட்டுப் பெண் சாமான் எடுக்க வந்தாள். அவன் கம்பெனிக்குப் போயிருந்த நேரம். நேரே என் வாசலுக்குத்தான் வந்தாள்.

"அக்கா, பாயில ரத்தம்னு சொன்னது நீங்களாமா?"

"ரத்தம்னு சொல்லலம்மணி. பாய் கழுவினாருன்னுதான் சொன்னேன்."

கொஞ்ச நேரம் என் கையில் இருந்த கத்தரியையே பார்த்தாள். "அதுக்கு முந்தின நாள் ராத்திரி சத்தம் கேட்டுச்சுங்களா?"

"கேட்டுச்சு."

"அத யாருகிட்டயும் சொல்லலீங்களா?"

வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். எழுந்துபோய் கிரைண்டரை ஏற்ற ஒரு கை பிடித்தேன்.