குற்றப்பத்திரிகையில் இடம்பெறாத வன்புணர்வு

1992ஆம் ஆண்டு, பொஸ்னியப் போரின்போது, கோன்யிட்ஸ் நகருக்கு அருகிலுள்ள செலெபிச்சி முகாமில் பொஸ்னிய முஸ்லிம், குரோவாசியப் படைகளால் செர்பியர்கள் சிறைவைக்கப்பட்டிருந்தனர். அங்கே உடன்பிறந்த சகோதரர்கள் இருவர், மற்றக் கைதிகளின் கண்ணெதிரே ஒருவரோடொருவர் பாலியல் செயலில் ஈடுபடும்படி கட்டாயப்படுத்தப்பட்டனர். அப்போரின் குற்றங்களை விசாரித்த, முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான சர்வதேசத் தீர்ப்பாயத்தில் இதைக் கொடூரமாகவும் மனிதத்தன்மையற்றும் நடத்திய குற்றமாகவே வழக்குத் தொடுத்த தரப்பு முன்வைத்தது. 1998 நவம்பரில் தீர்ப்பளித்த நீதிபதிகளோ, உரிய முறையில் குற்றம் சாட்டப்பட்டிருந்தால் இதை வன்புணர்வாகவே கொண்டிருக்க முடியும் என்று குறிப்பிட்டனர். அதே முகாமில் பெண்களுக்கு நேர்ந்த வன்புணர்வைச் சித்திரவதை என்று துணிந்து வகைப்படுத்திய தீர்ப்பும் அதுவே என்பதால், அந்தக் குறிப்பு எனக்கு இன்னும் உறுத்தலாகத் தெரிகிறது.

அதே போரில், பர்ச்கோ நகரில் செர்பியர்கள் நடத்திய லூக்கா முகாமில் இரு முஸ்லிம் சகோதரர்களுக்கும் ஏறக்குறைய இதுவே நேர்ந்தது. அங்கே துப்பாக்கி முனையில் அவர்களை வற்புறுத்திய ரான்கோ செஷிச் ஒரு செர்பியர். அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 2004இல் 18 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்ற வழக்கில் அச்செயல் வன்புணர்வு என்றே பதிவாயிற்று.

எதிரெதிர் தரப்பினர் நடத்திய இரு முகாம்களிலும் சகோதரர்களே தேர்ந்தெடுக்கப்பட்டதைக் காமத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆண் என்றால் தன்னையும் தன் வீட்டாரையும் காப்பவன் என்ற நம்பிக்கை காவலர்களுக்கும் இருந்தது, கைதிகளுக்கும் இருந்தது; அது பொதுவாக இருந்ததனால்தான், பிறர் பார்க்க அதை உடைப்பது முழு இனத்தையும் தலைகுனியச் செய்யும் ஆயுதமாயிற்று. பெண்ணின் உடலை அவள் வீட்டு ஆண்களின் மானமாகக் கருதி, அவர்களுக்குச் செய்தி சொல்வதற்காக அவளைச் சிதைப்பதும் இதே நம்பிக்கையிலிருந்து பிறப்பதே. ஆகவே ஆண்களின் துயரத்தைப் பேசுவது பெண்களின் துயரத்தைச் சிறிதாக்கும் என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. (பெண்ணியவாதிகளின் வாயை அடைப்பதற்காக மட்டும் ஆண்களின் துயரத்தை நினைவுகூர்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை.) ஆண் அடிபட்டதைச் சொல்லலாம், அங்கே தழும்பு பெருமையாகக்கூட ஆகும், பாலியல் வன்முறைக்கு ஆளானதைச் சொன்னால் ஊர் அவனை ஆணாக மதிக்காது என்பதை அவன் சிறுவயதிலிருந்தே அறிவான்.

இலங்கைப் போரைப் பற்றி ஐக்கிய நாடுகள் மனித உரிமை அலுவலகம் 2015 செப்டம்பரில் வெளியிட்ட விசாரணை அறிக்கை, தடுப்புக்காவலில் பெண்களோடு ஆண்களும் பாலியல் வன்முறைக்கு உள்ளானதை விரிவாகப் பதிவுசெய்தது. ஆயினும் அந்நாட்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 363ஆம் பிரிவு, பெண்ணுக்கு ஆண் இழைப்பதை மட்டுமே வன்புணர்வாக வரையறுக்கிறது. ஆணுக்கு நேர்ந்தால் பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் என்ற வேறொரு பிரிவை நாட வேண்டும். அதற்குப் பக்கத்திலேயே, இருவர் மனமொத்து ஈடுபட்டாலும் ஒருபால் உறவைக் குற்றமாக்கும் 365ஏ பிரிவும் நிற்கிறது. முறையிடச் செல்லும் ஆண், பலவந்தம் நடந்ததை நிறுவ முடியாமற்போனால் தன் மீதே அந்தப் பிரிவு பாயுமோ என்ற அச்சத்தோடுதான் காவல் நிலையப் படியேற வேண்டியிருக்கிறது.