முதலில் முழங்காலைப் பாருங்கள்

இத்தாலியின் புளோரன்ஸ் நகரத்து உஃபீசி அருங்காட்சியகத்தில் ஒரே அறைக்குள் மூன்று பெரிய மாதா ஓவியங்கள் இருக்கின்றன: சிமாபுவே, துச்சோ, ஜோட்டோ என்ற இத்தாலிய ஓவியர்கள் வரைந்தவை. மூன்றிலும் அரியணையில் மாதா, மடியில் குழந்தை இயேசு, சுற்றிலும் வானதூதர்கள், பின்னணியில் தங்கம். துச்சோவின் ஓவியத்துக்கு ஒப்பந்தம் போட்டது 1285இல். ஜோட்டோவுடையது சுமார் 1310. இடைவெளி 25 வருடம்தான், ஆனால் மாற்றம் பெரிது.

முதலில் மாதாவின் முழங்காலைப் பாருங்கள். சிமாபுவேயின் நீல மேலங்கியில் இழை இழையாகத் தங்கக் கோடுகள். துணியின் மடிப்பைச் சொல்வதே அவைதான். ஜோட்டோ தங்கத்தை அங்கியின் ஓரத்தோடு நிறுத்திக்கொள்கிறார். வெளிச்சமும் நிழலும் மட்டும் போட்டே முழங்கால்களை முன்னுக்குத் தள்ளிவிடுகிறார். உட்கார்ந்திருக்கும் உடம்பின் கனம் தெரிகிறது.

அடுத்து வானதூதர்கள். சிமாபுவேயில் எட்டுப் பேர், அரியணையின் இருபுறமும் ஒருவர் தலைக்கு மேல் ஒருவராக அடுக்கப்பட்டிருக்கிறார்கள். கால் ஊன்ற இடம் இல்லை. ஜோட்டோவில் தரை உண்டு. முன்னால் நிற்பவரின் ஒளிவட்டம் பின்னால் இருப்பவரின் முகத்தை மறைக்கவும் செய்கிறது.

இதை வைத்து சிமாபுவேக்கு வரையத் தெரியாது என்று முடிவு கட்டுவது தவறு. அந்தத் தங்கக் கோடுகள் மெழுகுவர்த்திக்காகப் போட்டவை. சுடர் அசைந்தால் அங்கியும் அசையும். அசையாத மின்விளக்கிலும் புகைப்படத்திலும் அவை செத்துப்போகின்றன. புத்தகங்கள் மூன்றையும் ஒரே அளவில் அச்சிடுவதும் ஏமாற்றும்: துச்சோவுடையது நாலரை மீட்டர் உயரம், ஜோட்டோவுடையது மூன்றேகால்.

அந்தக் காலத்து ஓவியங்களில் முகங்கள் சில பச்சையாகத் தெரிந்தால் அது ஓவியர் நினைத்த நிறமல்ல. முட்டை மஞ்சள் கருவில் குழைத்த வண்ணத்தில், தோலுக்கு அடியில் பச்சை மண் பூசி, மேலே இளஞ்சிவப்பைத் தீட்டுவார்கள். மேல்பூச்சு தேய்ந்தாலோ, சுத்தம் செய்கிறவர் கொஞ்சம் அழுத்தித் துடைத்தாலோ பச்சை வெளியே வந்துவிடும். தங்கத்தில் ஆங்காங்கே சிவப்பு தெரிவதும் அப்படித்தான். தகட்டுக்கு அடியில் பூசிய செம்மண் அது.

இனி லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கும், இத்தாலிய ஓவியர் மசாச்சோவின் 1426ஆம் ஆண்டு மாதா. பின்னணியில் தங்கம் இன்னும் இருக்கிறது. ஆனால் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து மட்டும் வருகிறது, மாதாவின் நிழல் அரியணைமேல் விழுகிறது. ஒளிவட்டங்களைக் கிட்டப் போய்ப் பாருங்கள். மாதாவுடையது பழையபடி முழு வட்டம். திராட்சை தின்னும் குழந்தையுடையதோ, தட்டைச் சாய்த்துப் பிடித்ததுபோல நீள்வட்டம்.