ஊட்டிக் குளிரில் ஒலியன்

இளங்கலைத் தமிழில் மொழியியல் ஒரு தாள். கீழே சமவெளியில் இருந்தபோது ஒலியன் (மாறினால் சொல்லின் பொருளே மாறும் ஒலி), மாற்றொலி (பொருளை மாற்றாமல் இடத்துக்கு ஏற்ப வேறுபடும் அதே ஒலி) என்று பலகையில் எழுதி, கல்–கள், வலி–வழி என்று இரண்டு சோடி சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். நீலகிரிக்கு மாற்றலாகி வந்தபின் அது நடக்கவில்லை. ஒரே வகுப்பில் நீலகிரிப் படுகர்களின் மொழியான படுகு பேசும் பிள்ளைகள், கூடலூர்ப் பக்கத்து மலையாளம், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பித் தேயிலைத் தோட்டத்தில் குடியமர்ந்தோர் வீட்டுத் தமிழ் என்று எல்லாம் கலந்து உட்கார்ந்திருக்கும்.

மொழி என்றால் என்ன என்ற முதல் பாடத்திலேயே, கோத்தகிரிப் பக்கத்து ஹட்டியிலிருந்து, அதாவது படுகர் ஊரிலிருந்து, வரும் ஒரு பையன் சொன்னான்: "எங்களுது மொழி இல்ல மேடம், பேச்சுதான். எழுத்தே கிடையாதே." வருத்தமாகச் சொல்லவில்லை, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னான். வகுப்பில் ஒருவரும் மறுக்கவில்லை. பட்டம் வாங்கியவர்களிடமே ஊறிப்போன எண்ணம் இது. இத்தனைக்கும் தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என்று ஓர் இயலே வைத்து, கொப்பூழிலிருந்து எழும் காற்று நாக்கிலும் பல்லிலும் உதட்டிலும் பட்டு எப்படி ஒலியாகிறது என்றுதான் விளக்குகிறார்.

"மஃப்ளரைக் கொஞ்சம் தளர்த்துங்க, தொண்டையில விரலை வையுங்க" என்றேன். கடல், தங்கம், பகல். கடலின் ககரத்துக்கு அதிராத தொண்டை தங்கத்தின் ககரத்துக்கு அதிரும். பகலில் காற்று உரசிக்கொண்டு நழுவும். தமிழ்ப் பிள்ளைகள் மூன்றும் ஒன்றுதான் என்று சாதித்தார்கள். தமிழில் அந்த வேறுபாடு பொருளை மாற்றுவதில்லை, அதனால் காது அதைத் தள்ளிவிடுகிறது. படுகுப் பிள்ளைகளுக்கு உடனே கேட்டுவிட்டது. அவர்கள் மொழியில் தொண்டை அதிர்வதும் அதிராததும் சொல்லையே மாற்றும்.

அடுத்த வாரம் பையனிடம் ஒரு வேலை கொடுத்தேன். கனடாவில் பிறந்த மொழியியலர் எமனோ 1935 முதல் 1938 வரை இந்தியாவில் களப்பணி செய்தவர். நீலகிரிப் பழங்குடிகளான தோடர், கோத்தர் மொழிகளோடு படுகையும் காதால் கேட்டுப் பதிந்தவர். படுகு உயிரொலிகளைப் பற்றி 1939இல் அவர் எழுதியதில் மூன்று சொற்கள் உண்டு: வாய், வளையல், விளைச்சல். தமிழில் எழுதினால் மூன்றும் 'பெ'. நாக்கு நேராக இருந்தால் வாய். சற்று மடிந்தால் வளையல். நன்றாக மடிந்தால் விளைச்சல். வளை, விளை என்று நம்மிடம் இருக்கும் ளகரம் அங்கே உயிருக்குள் கரைந்து, மடிப்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது. உலக மொழிகளில் இது மிக அரிது.

"உன் பாட்டியைச் சொல்லச் சொல்லிப் பதிந்து வா" என்றேன். போனில் பதிந்து வந்தான். பாட்டி மூன்றையும் பிரித்துத்தான் சொன்னார். முதல் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எனக்கே இரண்டாம் முறைதான் பிடிபட்டது. பையன் சொன்னபோது மூன்றும் ஒன்றாகவே வந்தது. அதிசயமில்லை, இன்று படுகு பேசும் எல்லாரிடமும் அந்த மடிப்பு இல்லை. பாட்டிக்கு இந்த இலக்கணத்தை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, எழுத்து இருந்திருந்தாலும் அதில் வேறொன்றும் கற்றிருக்க மாட்டார்.

"அப்ப நாங்க கெடுத்துட்டோமா மேடம்?" என்றாள் பின்வரிசைப் பெண் ஒருத்தி. இல்லை என்றேன். இதே மலையில் தோடர் மொழியில் ரகர வகை மூன்று; நாக்கு தொடும் இடம் மாறினால் சொல்லே வேறு. நாமோ ரகரத்தையும் றகரத்தையும் பேச்சில் பெரும்பாலும் ஒன்றாக்கிவிட்டோம், அதனால் தமிழ் ஒன்றும் குறைந்துபோகவில்லை, மொழி மாறுவது அதன் இயல்பு என்று கொஞ்சம் உற்சாகமாகவே பேசிவிட்டேன்.

"அப்புறம் பரீட்சையில ற-வுக்கு ர போட்டா மட்டும் ஏன் மேடம் மார்க்கைக் குறைக்கறீங்க?"

இன்னும் குறைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.